மேல் பிஸ்டன்

கீழ் பிஸ்டனுக்கு ஒன்றுமில்லை.
மேலேதான்.
நாலு இடத்தில் நெடுக்காகக் கீறல்,
அலுமினியம் இழுபட்டு
ரிங்கைப் பள்ளத்துக்குள்ளேயே
வைத்துப் பூசிவிட்டது.
நகத்தால் நெம்பினேன். நகம்தான் ஒடிந்தது.

சகாயராணி ஷட்டருக்குக் கீழே நிற்கிறாள்,
ஏலம் முடிந்து வந்த ஐஸ் ஈரம்
சேலைக் கரையில்.
"ஆயில் ஊத்தாமலே ஓட்டிக்கிறான்ணா தேசிங்கு.
ஆயில் காசுல குடிச்சிருக்கான்.
பதினஞ்சு நாளா பங்கு குடுக்கல, இனிமேலும் கெடையாது."

ஹெட்டைக் கழற்றும்வரை
நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஆயில் இல்லாமல் செத்த மோட்டார்
அடியிலிருந்து சாகும்.
பேரிங் நீலம் பாயும்,
கிராங்கில் விரல் விட்டால் வறவறவென்று வரும்.
இங்கே விரல் வழுக்குகிறது.
பிளக் பாருங்கள், வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.
கலப்பட மண்ணெண்ணெய் என்றால்
பிஸ்டன் தலை
எறும்பு அரித்த வெல்லம்போல் குழிகுழியாக இருந்திருக்கும்.
அதுவும் இல்லை.

சிலிண்டருக்கு வெளியே, மேல் பக்கம் மட்டும்
பெயின்ட் கருகிப் பொரிந்திருந்தது.
தண்ணீர் ஓடவேண்டிய அறையில்
உப்பு, சுண்ணாம்புபோல் வெள்ளையாக.
கடலில் நின்றுகொண்டே
தாகத்தில் வெந்திருக்கிறது.

(கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் விட்டுப்
பத்து நிமிஷம் ஓட்டச் சொல்கிறேன் எல்லோரிடமும்.
லாரி வராத நாளில்
எந்த வீட்டில் கொடுப்பார்கள் மோட்டாருக்கு
எட்டுக் குடம்?)

தேசிங்கு ஆனியிலேயே வந்து சொன்னான்:
"பீச்சுற தண்ணி சரியில்லண்ணா,
கெழவன் ஒண்ணுக்குப் போற மாதிரி போவுது."
நான் கிளட்ச் ஒயரை ஓட்டையில் விட்டுக் குத்தினேன்.
சர்ரென்று அடித்தது.
போ, நல்லா இருக்கு என்றேன்.
வாசல் பெருக்கியிருந்தால்
வீடு சுத்தம் என்பது மாதிரி.

இப்போது தண்ணீர்ப் பாதை வளைவில்
கொக்கியைவிட்டு இழுக்க
ஒரு துண்டு வந்தது.
கறுப்பு ரப்பர், சுண்டுவிரல் நகம் அளவு.

மோட்டாரில் இருக்கும் இம்பெல்லர்
சித்திரையில் நான் போட்டது.
ஆறு இதழும் முழுசு.
பழையது எங்கே?
கழிசல் டப்பாவைக் கவிழ்த்தேன்.
போல்ட்டு, தேய்ந்த பின், யாரோ கடித்த பிஸ்கட்,
அதற்கடியில்
ஐந்து இதழோடு அது.

சித்திரையில் எண்ணியிருந்தால்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பால்வாடிப் பிள்ளை எண்ணும் எண்.
ஆறாவது எங்கே என்று
பாதையைக் காற்றடித்துத் தேடியிருந்தால்
அரை மணி நேரம் போயிருக்கும்.
அன்றைக்கு வெளியே மூன்று மோட்டார் காத்திருந்தது.
அல்லது காத்திருந்தது என்று
இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று
நகராமல் ஆரன் அடித்துக்கொண்டிருக்கிறது.
சகாயராணி இன்னும் பார்க்கவில்லை.
அந்தத் துண்டு என் உள்ளங்கைக்குள் சூடாக இருக்கிறது.
இப்படியே கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.
மெக்கானிக் சொல்வதுதான் தீர்ப்பு இந்தக் கரையில்.

"ஆயில்தானேண்ணா?"

இல்லம்மா என்றேன்.
துண்டைப் பிஸ்டன் தலையில் வைத்துக் காட்டினேன்.
பக்கத்தில் அந்த ஐந்து இதழ்.
அவளும் எண்ணினாள்,
மீன் கூறு எண்ணும் விரலால்,
இரண்டு தடவை.
அப்புறம் என்னைப் பார்த்தாள்.
திட்டியிருந்தால் தேவலை.

தேசிங்குக்குப் போன் போட்டோம்.
அடித்துக்கொண்டே இருந்தது.
வேறு யார் படகிலோ கூடை இறக்கப் போயிருக்கிறானாம்.

பில் புத்தகத்தில்
புது பிஸ்டன், ரிங் செட், கேஸ்கட்,
சிலிண்டர் போரிங் கூலி எழுதி
'வரவேண்டியது' என்ற இடத்தில்
என் பெயர் எழுதினேன்.
கீழே,
தேசிங்கு, பதினஞ்சு நாள் பங்கு.
எவ்வளவு என்று தெரியவில்லை.
அந்தக் கட்டத்தை விட்டு வைத்திருக்கிறேன்,
அவன் வந்து சொல்லட்டும்.